தோழியின் சம்பளம்

சர்வதேச வளர்ச்சி நிறுவனங்கள் தமிழில் எழுதிக் குவித்திருப்பது கொஞ்சமல்ல. துண்டறிக்கை, பயிற்சிக் கையேடு, சுவரொட்டி, ஆண்டறிக்கை. எல்லாவற்றுக்கும் மேலே ‘வெற்றிக் கதை’. இவற்றை எழுத்து என்று மதித்து யாரும் விமர்சனம் செய்து நான் படித்ததில்லை. எழுதியவர்களில் பாதிக்கு மேல், நான் அறிந்தவரை, தமிழோ சமூகப்பணியோ படித்த இளம்பெண்கள். பெயர் போடாமல் எழுதினார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு 2005 முதல் 2007 வரை நாகப்பட்டினத்தில் அப்படியொரு நிறுவனத்தில் நானும் ஆவணப் பணியாளராக இருந்தேன். பிறகு முனைவர் பட்டத்துக்கு வந்துவிட்டேன். இன்று என்னிடம் முதுகலை படிக்கும் மாணவிகள் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது, “அந்த வேலைக்குப் போகலாமா மேடம்?” என்று கேட்கிறார்கள். போகாதே என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. போ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டதும் இல்லை.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். வெற்றிக் கதைக்கு ஒரு சட்டகம் உண்டு. முதல் பத்தியில் பெண் துயரத்தில் இருப்பாள். கணவன் குடிப்பான், அல்லது செத்திருப்பான். இரண்டாம் பத்தியில் நிறுவனம் வரும். மூன்றாம் பத்தியில் அவள் சிரிப்பாள். கடைசியில் மேற்கோள்குறிக்குள் ஒரு நன்றி. தலபுராணம் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு பழகியதுதான். சாபம் பெற்ற ஒருவர் தலத்துக்கு வருவார், தீர்த்தமாடுவார், சாபம் நீங்கும். சாபம் பெற்றவர் யார், அதற்கு முன்பும் பின்பும் அவர் என்ன ஆனார் என்பதெல்லாம் புராணத்துக்குத் தேவையில்லை. பாடுபொருள் தலத்தின் பெருமை. வெற்றிக் கதையின் பாடுபொருளும் அதுதான்.

கதைக்கு அடியில் சிறிய எழுத்தில் ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்றிருக்கும். பக்கத்தில் அரைப்பக்க அளவுக்கு அந்தப் பெண்ணின் முகம் இருக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முகம். அகப்பாடலில் தலைமக்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வகுத்தது. பெயரில்லாததால் அந்தத் துயரம் எவளுடையதாகவும் ஆக முடிந்தது. இங்கே பெயரை மட்டும் எடுத்துவிட்டு முகத்தை விட்டுவைக்கிறார்கள். நன்கொடையாளருக்கு முகம் தேவைப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தரங்கம்பாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தலைச்சுமையாக மீன் விற்கும் பெண் ஒருவரைப் பேட்டி எடுக்க அனுப்பினார்கள். ஐம்பது வயதிருக்கும். அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு பேசினார். “படவு குடுத்தீங்க, வலை குடுத்தீங்க, இஞ்சின் குடுத்தீங்க. அதெல்லாம் ஆம்பளைக்கு. இப்ப ஊர்ல ஆளைவிட படவு ஜாஸ்தி. மீனு எங்கேருந்து வரும் டீச்சர்? நான் ஒரே ஒரு ஐஸ்பெட்டி கேட்டேன். அதுக்கு ஏழு பேரு வந்து கூட்டம் போட்டு, ஒங்க வூட்டுக்காரரு அடிக்கிறாரான்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. ஐஸ்பெட்டி வரல.”

கடலோரத்தில் எங்களை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நோட்டுப் புத்தகத்தோடு வரும் பெண்ணுக்கு அவர்களிடம் இருந்த ஒரே பெயர் அது.

இந்தப் பேச்சை அப்படியே எழுதி, ஐஸ்பெட்டியையும் விடாமல் அனுப்பினேன். சென்னை அலுவலகம் ஆங்கிலமாக்கியது. வெளிநாட்டுத் தலைமையகம் செம்மைப்படுத்தியது. ஆறு மாதம் கழித்து அச்சாகி வந்த ஆண்டறிக்கையில் அவர் இருந்தார். திட்டத்தின் வழியாகத் தன்னம்பிக்கை பெற்ற அவர் இப்போது குடும்ப முடிவுகளில் பங்கேற்கிறார் என்று போட்டிருந்தது. அந்தப் பெண் சொன்னது ஒரு புலம்பல் என்றால் போகட்டும் என்று விடலாம். அது மதிப்பீடு. மீன்பிடித் தொழிலில் உதவி எங்கே போகிறது, யாரைத் தாண்டிப் போகிறது, கடலில் எத்தனை படகு தாங்கும் என்ற மூன்றையும் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தேவைக்கு மேல் படகுகள் கொடுக்கப்பட்டதைப் பற்றிப் பின்னாளில் மீன்வள ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவர்களுக்கு ஆலோசகர் கட்டணம் கிடைத்திருக்கும். அவருக்கு ஐஸ்பெட்டிகூடக் கிடைக்கவில்லை. பேருந்தில் ஏற்ற மாட்டேன் என்கிற நடத்துநர்களிடம் பேசி, வெயிலில் கெடுவதற்குள் விற்றுத் தீர்க்க வேண்டிய சரக்கு அவருடையது. பெட்டி இருந்தால் ஏலத்தில் விலை இறங்கும்வரை காத்திருக்கலாம், மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்கலாம். அதிகாரம் என்றால் அவருக்கு அந்த அரைநாள்.

தமிழ்நாட்டு அறிக்கைகளில் அதற்கு ‘அதிகாரமளித்தல்’ என்று பெயர். ஈழத்து அறிக்கைகளில் ‘வலுவூட்டல்’. ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு தமிழ்கள். நான் ஈழத்துச் சொல்லின் பக்கம். அளித்தல் என்றதும் அளிக்கிறவர் ஒருவர் மேடையேறிவிடுகிறார், வாங்குகிறவர் கையேந்திவிடுகிறார். ஊட்டுவதிலும் ஒரு கை இருக்கிறது என்றாலும், உள்ளே இருக்கும் வலுவோடு சேர்ப்பது என்ற பொருளாவது மிஞ்சுகிறது. ‘பயனாளி’ என்ற சொல்லைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். உழைப்பாளி, படைப்பாளி என்ற வரிசையில் வைத்துப் பார்த்தால் தெரியும், பயனாளி எதையும் செய்வதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த நிறுவனங்களை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுவது எளிது. தமிழில் அதற்கு ஒரு மரபே உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இடதுசாரித் துண்டறிக்கைகளிலும் சிறுபத்திரிகைகளிலும் ‘தன்னார்வக் குழு’ என்பது வசைச்சொல். அந்நிய நிதி, ஏகாதிபத்தியக் கைக்கூலி, போராட்டத்தை மழுங்கடிக்கும் சதி. அந்த விமர்சனத்தில் உண்மை இருந்தது. நிதி எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் முன்னுரிமைகள் முடிவாகின்றன என்பதை ஐஸ்பெட்டியே காட்டும். ஆனால் அதை எழுதிய ஆண்கள் கேட்காத ஒரு கேள்வி உண்டு. அந்த நிதி முதன்முதலாக யார் கையில் சம்பளமாக விழுந்தது?

எனக்கு அங்கே மாதம் 7,500 ரூபாய். அதே ஆண்டு சுயநிதிக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலைக்குச் சொன்ன சம்பளம் 4,000, அதுவும் கோடை விடுமுறைக்குக் கிடையாது. என்னோடு வேலை செய்த ஒருத்தி, காலனித் தெருவிலிருந்து வந்தவள், நிறுவனம் கொடுத்த ஸ்கூட்டியை ஊர்த்தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போனாள். அதற்கு முன் அந்தத் தெருவில் அவள் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார். யாரும் தடுக்கவில்லை, வண்டியின் முன்னால் ஒட்டியிருந்த நிறுவனச் சின்னத்தைப் பார்த்தார்கள். அந்தச் சின்னத்தை நம் தோழர்கள் ஏகாதிபத்தியம் என்பார்கள். அவளுக்கு அது பாதை. கூட்டம் முடிய இரவானால் வெளியூரில் தங்கலாம். வீட்டில் கேட்டால் ‘ஆபீஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. கல்யாணப் பேச்சை இரண்டு வருடம் தள்ளிப்போட அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது, எனக்கும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நான் போய்வந்த கிராமங்களில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது காவல் நிலையமல்ல, களப்பணிப் பெண்கள். ‘ரெண்டு அடி’ என்று சொல்லிவந்ததை ‘வன்முறை’ என்று சொல்லலாம் என்ற செய்தி அந்தச் சலிப்பூட்டும் பயிற்சிக் கூட்டங்களில், பிஸ்கட்டுக்கும் டீக்கும் நடுவில்தான் போய்ச் சேர்ந்தது. வளர்ச்சித் தமிழை நான் கேலி செய்தாலும், அந்தச் சொல்லை அது கொடுத்ததை மறுக்க மாட்டேன். இன்று தமிழ்நாட்டு அரசு தன் சாதனையாகச் சொல்லும் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் தொடக்கம்கூட, 1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பித்த திட்டம்தான். தண்டல்காரனுக்கு மட்டுமே பதில் சொல்லிவந்த பெண்கள் வங்கி மேலாளர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். (அந்தக் குழுக்கள் போட்ட தடத்திலேயே நுண்கடன் நிறுவனங்களின் வசூல்காரர்களும் பிறகு வீடு தேடி வந்தார்கள் என்பது வேறு கதை.)

ஆக, வேலை பெண்ணை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவருகிறது. வெளியே வந்தவளை அது என்னவாக நடத்துகிறது?

‘தொண்டு’ என்ற சொல்லில் இருக்கிறது சிக்கல். தமிழில் இந்த நிறுவனங்களுக்கு நாம் வைத்த பெயர் தொண்டு நிறுவனம். தொண்டு நம் பக்தி மரபின் பெரிய சொல். தொண்டர் கூலி கேட்பதில்லை. ஆகவே இங்கே மிகைநேரத்துக்குப் பணம் கேட்பவள் அற்பமாகத் தெரிவாள். பதினொரு மாத ஒப்பந்தம், பிறகு ஒரு மாத இடைவெளி, மறுபடி பதினொரு மாதம் என்று ஓடும். அதைப் பற்றிப் பேசினால் ‘மக்கள் துயரத்தில் இருக்கும்போது...’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் வரும். எங்கள் அலுவலகத்தில் கர்ப்பமான பெண்ணின் ஒப்பந்தம் ஐந்தாம் மாதத்தில் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. திட்டத்தின் பெயர் தாய்சேய் நலம். வீட்டில் பெண்ணின் உழைப்பை அன்பு என்று சொல்லி இலவசமாக்குகிறோம். வெளியே அதையே தொண்டு என்று சொல்லி மலிவாக்குகிறோம்.

இது வெறும் சொல் பற்றிய குறையல்ல என்பதற்கு பன்வாரி தேவி சாட்சி. 1984இல் ராஜஸ்தான் அரசு யுனிசெஃப் உதவியோடு பெண்கள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. கிராம அளவில் வேலை செய்த பெண்களுக்கு ‘சாத்தின்’ என்று பெயர். தோழி என்று பொருள். கொடுத்தது சம்பளமல்ல, மதிப்பூதியம். பட்டேரி கிராமத்தில் குயவர் சமூகத்தைச் சேர்ந்த பன்வாரி சாத்தினாக இருந்தார். திட்டம் சொன்னபடி ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்க 1992 செப்டம்பரில் ஆதிக்க சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வேலை செய்ததற்காகத் தாக்கப்பட்ட பெண்ணுக்கு வேலை கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு யாரும் கை தூக்கவில்லை. தோழிக்கு ஏது முதலாளி? இந்தக் கேள்வியைத்தான் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றன. 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது, 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வந்தது. ஐ.டி. நிறுவனத்திலும் கல்லூரியிலும் வேலை செய்யும் நாம் இன்று புகார் கொடுக்கிற குழு, மதிப்பூதியம் வாங்கிய ஒரு களப்பணியாளரின் உடலிலிருந்து வந்தது.

சங்க அகப்பாடலில் தோழி ஓயாமல் பேசுகிறாள். தலைவிக்காகத் தாயிடம் பேசுகிறாள், தலைவனைக் கடிகிறாள், ஊர் அலரைச் சமாளிக்கிறாள். அவளுக்கென்று ஒரு காதலோ வீடோ களைப்போ உண்டா என்று எந்தப் பாடலும் கேட்பதில்லை. களப்பணிப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவு வருகிறது.

பெண் என்பதோடு ‘உள்ளூர்’ என்பதும் சேர்ந்துகொள்கிறது. இந்த நிறுவனங்களில் இரண்டு வகைப் பணியாளர்கள்: சர்வதேசப் பணியாளர், உள்ளூர்ப் பணியாளர். ஒரே வேலைக்கு இரண்டு சம்பள ஏணிகள், இரண்டு காப்பீடுகள். அமைதியான நாட்களில் இது கணக்குப் பிரிவின் விஷயமாகத் தெரியும். ஈழத்தில் அது வேறாகத் தெரிந்தது. 2006 ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சு நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். பெண்களும் இருந்தார்கள். அத்தனை பேரும் உள்ளூர்ப் பணியாளர்கள். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. 2008 செப்டம்பரில் இலங்கை அரசு வன்னியை விட்டு ஐ.நா.வும் சர்வதேச நிறுவனங்களும் வெளியேற வேண்டும் என்றது. போகாதீர்கள், நீங்கள் போனால் எங்களுக்குச் சாட்சி இருக்காது என்று கிளிநொச்சியில் அலுவலக வாசல்களில் சனம் கூடி நின்றது. வெளிநாட்டவர்கள் வண்டியேறினார்கள். உள்ளூர்ப் பணியாளர்கள் பலரையும் அவர்கள் குடும்பங்களையும் புலிகள் வெளியேற விடவில்லை. ஒரே சின்னம் போட்ட சட்டை அணிந்தவர்களில் யார் வாகனத்தில் ஏறலாம், யார் பதுங்குகுழிக்குப் போக வேண்டும் என்பதைக் கடவுச்சீட்டு முடிவு செய்தது. ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று அதன் உள்ளக மீளாய்வு 2012இல் ஒப்புக்கொண்டது. வன்னியில் அப்போது எத்தனை களப்பணிப் பெண்கள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள், அவற்றில் என்ன எழுதியிருந்தார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

பாதுகாப்பு என்று பேச்சு வந்தால் ஹெய்ட்டியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2010 நிலநடுக்கத்துக்குப் பின் நிவாரணத்துக்குப் போன ஆக்ஸ்ஃபாம் அதிகாரிகள் சிலர் அங்குள்ள பெண்களைப் பாலியல்ரீதியாகப் பயன்படுத்திய செய்தி 2018 பிப்ரவரியில்தான் லண்டன் நாளிதழ் வழியாக வெளியே வந்தது. அதற்குள் உள்விசாரணை முடிந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாலினப் பயிற்சி கொடுக்கும் நிறுவனம் பாலின நீதியுள்ள நிறுவனமாகவும் இருக்கும் என்று நம்பிப் போகிற மாணவிகளுக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது.

இதையெல்லாம் உள்ளேயிருந்தே எழுதியவர்கள் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் சீதாப்பூர் மாவட்டத்தில் கிராமக் களப்பணியாளர்கள் ஏழு பேர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார்கள். வெவ்வேறு சாதிகளையும் மதங்களையும் சேர்ந்தவர்கள். தங்கள் மாவட்டத்தில் பணியாற்றிய ரிச்சா சிங், அமெரிக்காவில் பேராசிரியரான ரிச்சா நாகர் இருவரையும் சேர்த்து ஒன்பது பேராக 2004இல் ‘சங்கதின் யாத்ரா’ என்ற இந்தி நூலை வெளியிட்டார்கள். சங்கதின் என்றால் அவதி மொழியில் உயிர்த்தோழி. மறுபடியும் தோழிதான், ஆனால் இந்தத் தோழி தன் கதையைச் சொல்கிறாள். பசி, கல்யாணம், தொட்டால் தீட்டு என்று பார்த்த சக ஊழியரின் வீட்டுத் தண்ணீர்க் குவளை, அலுவலகத்தில் யார் பெயரில் அறிக்கை போகிறது, யார் வெயிலில் அலைகிறார்கள் என்று எல்லாமே இருக்கிறது. பயனாளிகளிடம் சாதி பற்றிக் கேள்வி கேட்கப் பழக்கப்பட்டவர்கள் அதே கேள்வியை அலுவலகத்துக்குள் திருப்பினார்கள். நூல் வெளிவந்ததும் அவர்கள் வேலைசெய்த அமைப்பின் மேலிடத்திலிருந்து கடுமையான எதிர்ப்பு வந்தது. ஆங்கில வடிவம் 2006இல் வந்து உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமானது. இந்தி மூலம் அவர்கள் ஊரில் வம்பை விலைக்கு வாங்கித் தந்தது. எந்த மொழியில் உண்மை சொன்னால் யாருக்கு வலிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. தமிழில் இப்படியொரு நூல் இன்னும் வேண்டியிருக்கிறது.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆனது. வாங்கிய வெளிநாட்டு நிதியைச் சின்ன அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்கவும் தடை வந்தது. களப்பணியாளரின் சம்பளத்தில் ஒரு பகுதி அந்த ‘நிர்வாகச் செலவு’க்குள்தான் ஒளிந்திருந்தது என்பதைக் கணக்குப் பார்த்தவர்கள் அறிவார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, ஜூலையில் அதன் உதவி முகமையே மூடப்பட்டது. உலகெங்கும் வேலையிழந்தவர்களின் வரிசையில் கடைசியில் நின்றவர்கள், ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தமாக இருந்த உள்ளூர்ப் பெண்கள். ஏகாதிபத்திய நிதி ஒழிக என்று எழுதியவர்கள் மகிழ்ந்திருக்கலாம். அந்த இடத்தை மக்கள் இயக்கம் வந்து நிரப்பியதாக எனக்குத் தெரியவில்லை.

மாணவிகளிடம் நான் சொல்வது சில்லறை விஷயங்கள். ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து போடுகிறார்கள் என்று பார். எத்தனை மாதம், பேறுகால விடுப்பு உண்டா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா என்று நேர்காணலிலேயே கேள், அற்பமாக நினைத்தால் நினைக்கட்டும். இரவுக் கூட்டத்துக்கு வண்டி யார் தருவார்கள் என்று கேள். உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினர் யார் என்று கேள். சட்டப்படி அந்த வெளி உறுப்பினர் பெண்கள் நலனுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனத்திலிருந்து வரலாம். ஊரெல்லாம் போய்க் குழுவில் உட்காருகிற அந்த நிறுவனங்களில் சிலவற்றுக்குச் சொந்தக் குழு கிடையாது. அப்புறம், அலுவலக அறிக்கை வேறு, உன் நோட்டு வேறு. மக்கள் பேசியதை அவர்கள் பேசிய தமிழிலேயே தேதி போட்டு எழுதி வை, மேலே அனுப்பும்போது எது காணாமல் போகிறது என்று ஓரத்தில் குறித்து வை.

போன ஆண்டு படிப்பை முடித்த ஒருத்தி ராமநாதபுரம் கடற்கரையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களோடு வேலை. இரண்டு நோட்டு நிறைந்துவிட்டதாம். மூன்றாவது வாங்க வேண்டும், அலுவலகக் கணக்கில் பில் போடலாமா மேடம் என்று கேட்டாள். வேண்டாம், உன் சம்பளத்தில் வாங்கு என்றேன்.